வட இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து உச்சரிப்புகளைத் தொலைபேசியில் விளங்கிக்கொள்வது எப்படி?

பரந்தன் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் இயங்கும் ஒரு வாடிக்கையாளர் சேவை நிலையத்தில், பிரித்தானியாவிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பணியில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். பெரும்பாலும் வீடுகளுக்கு அனுப்பப்படும் பொதிகள் தொடர்பான அழைப்புகள். உயர்தரத்தில் பொது ஆங்கிலத்தை நன்றாகவே செய்திருந்தேன். பிபிசி செய்தி அறிக்கையைக் கேட்டால் சொல் தப்பாமல் விளங்கும். ஆயினும் நான் படித்த ஆங்கிலமும் தொலைபேசியில் வருகிற ஆங்கிலமும் ஒன்றுதானா என்ற ஐயம் முதல் வாரத்திலேயே எழுந்துவிட்டது.

லண்டன் பக்கத்திலிருந்து அழைப்பவர்களை ஓரளவு சமாளிக்கிறேன். லீட்ஸ், நியூகாசில், லிவர்பூல், கிளாஸ்கோ போன்ற இடங்களிலிருந்து அழைப்பவர்கள், அதிலும் வயதானவர்கள், இரண்டாவது வசனத்தை முடிக்கும்போது நான் முதல் வசனத்தின் நடுவிலேயே தடக்கி நிற்கிறேன். கேட்டுக் கேட்டுப் பழகிவிடும் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். பழகும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதுவரை மறுமுனையில் இருப்பவர் பொறுத்திருக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

இந்த உச்சரிப்புகளுக்குள் ஏதேனும் ஒழுங்கு உண்டா, அல்லது ஒவ்வொரு சொல்லாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டுமா? முதலில் எந்தப் பிராந்தியச் சொற்களை அறிந்து வைத்திருப்பது பயன்தரும்? எங்களுடைய உச்சரிப்பையும் மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே, அது தேவைதானா? அங்கே வாழ்கிற உறவுகளும் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்களும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுநிலை ஆசிரியர், வவுனியா எழுதியது:

பிள்ளை, ஒழுங்கு நிச்சயமாக உண்டு. ஓர் ஊரின் உச்சரிப்பு என்பது தனித்தனிச் சொற்களின் குவியல் அன்று. ஓர் ஒலி மாறினால் அந்த ஒலி வரும் சொற்கள் எல்லாம் கூட்டமாக மாறும். ஆகையால் நீங்கள் சொற்களைச் சேர்ப்பதற்கு முன் ஒலிமாற்றங்களைப் பிடியுங்கள். எங்களுக்குக் குறில், நெடில் என்ற பாகுபாடு சிறுவயதிலிருந்தே தெரியும் என்பதால் இதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்ப்பதே எளிது.

வட இங்கிலாந்தில் முதலில் கவனிக்க வேண்டியது உகரம். தெற்கில் 'கப்', 'பஸ்', 'மண்டே' என்று அகரத்துக்கு அண்மையாக ஒலிப்பவை வடக்கில் 'குப்', 'புஸ்', 'முண்டே' என ஒலிக்கும். இது வடக்கத்தையவர் புதிதாக உண்டாக்கிய திரிபு அன்று. முன்பு இங்கிலாந்து முழுவதிலும் உகரமே வழங்கியது; 17ஆம் நூற்றாண்டளவில் தெற்கில்தான் அது பிரிந்து மாறியது. பல சொற்களின் எழுத்துக்கூட்டலில் உகர எழுத்து இன்னும் நிற்பதற்குக் காரணமும் அதுவே. இரண்டாவது, நெடில் குறிலாவது: 'கிளாஸ்', 'பாத்', 'லாஸ்ட்' என்று பாடசாலையில் சொல்லிக்கொடுத்த சொற்கள் அங்கே 'கிளஸ்', 'பத்', 'லஸ்ட்' ஆகிவிடும். ஆனால் 'ஃபாதர்' என்பதில் நெடில் குறுகுவதில்லை. எந்தச் சொற்கூட்டம் மாறுகிறது, எது மாறுவதில்லை என்பதைக் காது மிக விரைவில் கற்றுக்கொள்ளும்.

இனி உங்களுக்குச் சாதகமான பகுதிக்கு வருகிறேன். பலரும் கவனிக்காத பகுதியும் இதுதான். நாங்கள் 'கேக்', 'ரோட்', 'ஃபோன்' என்று நேரான ஏகாரத்தோடும் ஓகாரத்தோடும் சொல்வோம். லண்டன் வழக்கில் அவை இரண்டு உயிர்கள் வழுக்கிச் சேர்ந்த ஒலிகள். ஆகவேதான் எங்கள் பாடசாலைகளில் அந்த நேரான ஒலியைப் பிழையென்று திருத்துகிறார்கள். யோர்க்ஷயரிலும் ஸ்கொட்லாந்திலும் பெரும்பாலானவர்கள் எங்களைப் போலவே நேராகத்தான் சொல்கிறார்கள். ரகரமும் அப்படியே. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் 'கார்', 'நம்பர்' ஆகியவற்றின் இறுதி ரகரம் ஒலிப்பதில்லை. ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் இங்கிலாந்தின் தென்மேற்கிலும் எழுதியபடியே ஒலிக்கிறது. அயர்லாந்துக்காரர் பலர் 'மூன்று' என்பதற்கான சொல்லைச் சொல்லும்போது கேட்பது ஏறத்தாழ எங்கள் தகரமே. லிவர்பூலில் சொல்லிறுதிக் ககரம் அழுத்தம் இழந்து, 'பகல்' என்று நாம் சொல்லும்போது நடுவில் வரும் ககரத்தைப் போல உரசி ஒலிக்கும். ஆக, நீங்கள் அஞ்சுகிற ஆங்கிலத்தின் பாதி உங்கள் வாயிலேயே இருக்கிறது.

அப்படியானால் ஏன் விளங்கவில்லை? பெரும்பாலும் உயிரொலிகளை விட விழுங்கப்படும் மெய்களே காரணம். லண்டனிலும் கிளாஸ்கோவிலும் சொல்லின் நடுவில் வரும் டகரத்தை நாவால் ஒலிக்காமல் தொண்டையை ஒரு கணம் அடைத்து விடுவார்கள். 'பட்டர்' என்ற சொல்லில் நடுவே ஒரு வெட்டு மட்டும் கேட்கும். யோர்க்ஷயரிலும் லங்காஷயரிலும் ஹகரம் விழுந்து 'ஹவுஸ்' என்பது 'அவுஸ்' ஆகும். நியூகாசிலிலும் ஸ்கொட்லாந்திலும் ஹகரம் விழாது. லண்டனில் 'திங்க்' என்பது பலர் வாயில் 'ஃபிங்க்' ஆகும்.

இதனோடு தொலைபேசியும் சேர்ந்து சதி செய்கிறது. பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேட்ஸ் வரையான ஒலிகளையே கடத்துகின்றன. ஸகரத்தையும் ஃபகரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் கீச்சொலி அதற்கு மேலே இருப்பதால் அவை இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். இது அங்கே பிறந்து வளர்ந்தவருக்கும் நேர்வதே. எனவே விளங்காத எல்லாவற்றையும் உங்கள் ஆங்கிலத்தின் குறையென எண்ணவேண்டாம்.

நெடுங்கேணியான், லீட்ஸ் எழுதியது:

ஆசிரியர் ஐயா ஒலிகளைச் சொல்லிவிட்டார். தங்கச்சி கேட்ட சொற்களைப் பற்றி நான் எழுதுகிறேன். நீங்கள் பொதிகள் தொடர்பான வேலையில் இருப்பதால், கேட்பதற்குச் சுவையான சொற்களை விடுத்து, தவறினால் வேலை கெடும் சொற்களையே முதலில் பட்டியலிட வேண்டும்.

நேரம்தான் முதலாவது பொறி. 'ஹாஃப் ஃபைவ்' என்று பிரித்தானியாவில் எவர் சொன்னாலும் அது ஐந்தரை மணி, நான்கரை அன்று. யோர்க்ஷயரில் 'வைல்' என்ற சொல்லை 'வரை' என்ற பொருளில் வழங்குவார்கள். 'நைன் வைல் ஃபைவ் வீட்டில் இருப்பேன்' என்றால் ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை என்று குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டின் பெயர்களும் நேரத்தைக் குழப்பும். வட இங்கிலாந்தின் உழைக்கும் குடும்பங்களில் 'டினர்' என்பது நண்பகல் உணவு, 'டீ' என்பது மாலை ஐந்து ஆறு மணிக்கு உண்ணும் முழுச் சாப்பாடு. 'டீக்குப் பிறகு எடுங்கள்' என்று ஒரு மூதாட்டி சொன்னால், அவர் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைக்கும் நேரத்தைச் சொல்லவில்லை. இரவு ஏழு மணிக்கு அண்மையாக எடுப்பதே பாதுகாப்பு.

பொதியை எங்கே வைப்பது என்ற அறிவுறுத்தலில் வரும் சொற்கள் அடுத்தவை. இரு வீடுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையை லீட்ஸில் 'கினல்' அல்லது 'ஸ்னிக்கெட்' என்பார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 'ஜிட்டி', தெற்கே சசெக்ஸில் 'டுவிட்டன்', ஸ்கொட்லாந்தில் 'வெனல்'. சாதாரண பணிஸுக்கே 'பாம்', 'கொப்', 'பட்ச்', 'ஸ்டொட்டி' என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கிற நாடு இது. எது சரியான பெயர் என்று வேலைத்தளத்தில் சண்டை பிடிப்பது இங்கே ஒரு தேசியப் பொழுதுபோக்கு.

'நௌட்' என்றால் ஒன்றுமில்லை, 'ஔட்' என்றால் ஏதேனும், 'சும்மட்' என்றால் ஏதோ ஒன்று. இம்மூன்றும் யோர்க்ஷயர், லங்காஷயர்க்காரர் பேச்சில் ஓயாது வரும். 'ஒன்று' என்ற எண்ணை லீட்ஸில் பலர் 'வன்' என்று சொல்லாமல் 'வொன்' என்பார்கள். பெயர்ச்சொற்களுக்கு முன்னால் வரவேண்டிய 'த' என்ற சுட்டிடைச்சொல் யோர்க்ஷயரில் பெரும்பாலும் தொண்டை அடைப்பாகச் சுருங்கிவிடும். சுட்டு காணாமற்போனதென்று தேடிக்கொண்டிருந்தால் அடுத்த மூன்று சொற்களும் போய்விடும், தேடவேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும். முன்பின் அறியாத முதியவர் ஒருவர் உங்களை 'லவ்' என்று விளித்தால் திடுக்கிடாதீர்கள். யோர்க்ஷயரில் பஸ் சாரதியும் கடைக்காரரும் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள், சில ஊர்களில் ஆண்கள் ஆண்களையும். நொட்டிங்ஹாம், டார்பி, ஸ்டோக் பக்கங்களில் 'டக்', நியூகாசிலில் 'பெட்', கிளாஸ்கோவில் பெண்களை 'ஹென்' என்பது வழக்கம். எங்கள் ஊர்க் கிழவி 'பிள்ளை' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அஞ்சல் குறியீட்டை மட்டும் காதை நம்பி எழுதாதீர்கள். மன்செஸ்டர் குறியீடு 'எம்' என்றும் வட லண்டன் குறியீடு 'என்' என்றும் தொடங்கும். தொலைபேசியில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஷெஃபீல்டுக்கு 'எஸ்', லீட்ஸுக்கு 'எல்எஸ்'. 'மைக்', 'நவம்பர்', 'சியரா', 'லீமா' என்று விமானிகள் பயன்படுத்தும் எழுத்துப் பெயர்களால் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். எவரும் அதற்குச் சினப்பதில்லை. பூச்சியத்தை 'ஓ' என்பார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

உங்கள் உச்சரிப்பை மாற்றத் தேவையில்லை என்பதே என் கருத்து. லண்டன்காரர்போல் கதைக்க முயன்று இடையில் வழுக்குகிறவரை விளங்கிக்கொள்வது, நிதானமாகத் தமிழ்ச் சாயலில் கதைப்பவரை விளங்கிக்கொள்வதை விடக் கடினம். மூன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பகரமும் ஃபகரமும் கலக்கக்கூடாது; பல்லை உதட்டில் வைத்துச் சொல்லும் வகரத்தையும் உதட்டைக் குவித்துச் சொல்லும் வகரத்தையும் வேறாக்க வேண்டும்; சொல்லில் எந்த அசைக்கு அழுத்தம் என்பதை அறிந்திருக்க வேண்டும். தமிழில் அசைகள் ஏறத்தாழ ஒரே அளவான அழுத்தத்துடன் ஓடும். ஆங்கிலேயரின் காதோ அழுத்தம் விழும் அசையைத்தான் தேடும். அழுத்தம் இடம் மாறினால், ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தாலும், அவருக்குச் சொல் பிடிபடாது.

மாங்குளத்தான் எழுதியது:

எல்லோரும் மிகுந்த பொறுமையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. இவை எல்லாம் கொச்சை ஆங்கிலம்தானே? ஒரு நாட்டவர் தம்முடைய மொழியையே பிழையாகப் பேசுவதற்கு, கிளிநொச்சியில் இருக்கிற ஒரு பிள்ளை ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? பாடசாலையில் நாங்கள் தரமான ஆங்கிலத்தைக் கற்றோம். அதில் கேட்டால் அதில் பதில் சொல்வோம் என்று இருப்பதுதான் முறை. இந்தக் கிளைமொழிகளும் தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றால் இன்னும் சில காலத்தில் அழிந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

ஓய்வுநிலை ஆசிரியர், வவுனியா எழுதியது:

மாங்குளத்துத் தம்பியின் கேள்வி நியாயமானதே; ஆனால் அதன் அடிப்படை வரலாற்றோடு ஒத்துவரவில்லை. தரமான ஆங்கிலம் முதலில் இருந்து, பிறகு ஊரூராகக் கெட்டுப்போனதன்று. பழைய ஆங்கிலம் எழுதப்பட்ட காலத்திலேயே நொர்தம்பிரியா, மேர்சியா, வெசெக்ஸ், கென்ட் ஆகிய அன்றைய இராச்சியங்களின் வழக்குகள் வேறுவேறாக இருந்தன. 9ஆம் நூற்றாண்டில் டேனியர் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியபோது அவர்களுடைய சொற்கள் அங்கே வேரூன்றின: ஓடையைக் குறிக்கும் 'பெக்', விளையாட்டைக் குறிக்கும் 'லேக்', தெருவைக் குறிக்கும் 'கேட்'. லீட்ஸ் நகரின் பிரிகேட், கேர்க்கேட் ஆகிய வீதிப் பெயர்களில் இருப்பது வாயிலைக் குறிக்கும் சொல் அன்று, அந்த டேனியத் தெருவே. அரசும் அச்சகமும் லண்டனில் இருந்தமையால் லண்டனை ஒட்டிய வழக்கு எழுத்து மொழியாயிற்று. ஸ்கொட்லாந்தின் பேச்சோ நொர்தம்பிரிய வழக்கின் நேர்வழித் தோன்றல். அதைத் தனி மொழியாகவே கொள்கிறவர்களும் உண்டு.

யோர்க்ஷயரில் 1855இல் பிறந்த யோசப் ரைட் என்பவர், சிறுவயதிலேயே ஆலைத் தொழிலாளியாகி, பதினைந்து வயதளவில்தான் எழுத்தறிந்தவர். அவரே பின்னர் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியராகி, 1898க்கும் 1905க்கும் இடையில் ஆங்கிலக் கிளைமொழி அகராதியை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரல்ட் ஓர்ட்டன் 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் ஆய்வாளர்களைக் கொண்டு, பெரும்பாலும் வயதான கிராமத்தவரிடம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வினாக்களைக் கேட்டுப் பதிவுசெய்தார். கொச்சை என்று தள்ளப்பட்ட ஒன்றுக்கு இவ்வளவு உழைப்பு செலவானது, அதற்குள் ஒழுங்கு இருந்ததனால்தான். பிபிசி 1941இல் ஹலிஃபக்ஸ் ஊரவரான வில்ஃபிரட் பிக்கிள்ஸைச் செய்தி வாசிக்க வைத்தபோது நேயர்கள் பலர் முறையிட்டார்கள். வட இங்கிலாந்துக் குரலில் வரும் செய்தி நம்பத்தக்கதாகத் தோன்றவில்லை என்பது அவர்களுடைய குறை. தம்பி சொல்வதும் ஏறத்தாழ அதே முறைப்பாடுதான்.

அழிந்துவிடும் என்பதைப் பற்றி. சில சொற்கள் அழிகின்றன, உண்மை. ஆனால் உச்சரிப்பு அழிவதை விடக் கலந்து புதிதாவதே மிகுதி. இதை எங்கள் வன்னியிலிருந்து பார்த்தால் நன்கு விளங்கும். கிளிநொச்சி 1930களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த குடியேற்றவாசிகளால் வளர்ந்த ஊர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து பெருந்தொகையானோர் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் வந்து குடியேறினார்கள். முன்பிருந்தே இங்கு வாழ்ந்த வன்னிக் குடிகளின் பேச்சு வேறு. இந்த மூன்று வழக்குகளும் ஒரே வகுப்பறையில் இருந்ததை நான் கற்பித்த காலத்தில் கேட்டிருக்கிறேன். பேரப்பிள்ளைகளின் பேச்சு இவற்றுள் எதனோடும் முழுமையாகப் பொருந்தாது.

இங்கிலாந்தில் இதே விதமான இரண்டு ஊர்கள் இருக்கின்றன. நொர்தாம்ப்டன்ஷயரில் உள்ள கோர்பியில் 1930களில் உருக்காலை அமைந்தபோது கிளாஸ்கோப் பக்கத்திலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் திரளாக வந்தன. இங்கிலாந்தின் நடுவே இருக்கும் அந்த ஊரின் பேச்சில் இன்றும் ஸ்கொட்லாந்துச் சாயல் உண்டு. 1967இல் புதிய நகரமாக அறிவிக்கப்பட்ட மில்டன் கீன்ஸில் நிலைமை வேறு. பல ஊர்களிலிருந்தும் வந்தோர் கலந்தபடியால், மொழியியலாளர்களான போல் கேர்ஸ்வில்லும் ஆன் வில்லியம்ஸும் 1990களில் அங்கே ஆராய்ந்தபோது, மிகச் சிறு குழந்தைகள் பெற்றோரைப் போலவும், சற்று வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரை விட்டு விலகித் தம்முள் ஒத்த ஒரு புதிய வழக்கிலும் பேசுவதைக் கண்டார்கள். ஒரே ஊரிலிருந்து திரளாக வந்தால் பேச்சு நிலைக்கும், பல ஊர்களிலிருந்து வந்தால் கரைந்து புதிதாகும் என்று இதைச் சுருக்கலாம். கிளிநொச்சி இவ்விரண்டில் எந்தப் பக்கம் சாயும் என்பதை யாரேனும் ஆய்வு மாணவர் எடுத்துப் பார்த்தால் நன்று. இது பிள்ளையின் கேள்விக்கு அப்பாற்பட்டதாகையால் இத்துடன் விடுகிறேன்.

பரந்தன் வாசகி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் லீட்ஸ் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. 'வைல்' என்ற சொல்லைப் பற்றி எங்கள் பயிற்சியில் ஒருவரும் சொல்லவில்லை. ஸ்கொட்லாந்தைப் பற்றி மட்டும் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அபடீன் பக்கத்திலிருந்து அழைத்த ஒருவர் தன் பொதியைப் பற்றி 'ஐ டவுட் இட்ஸ் லொஸ்ட்' என்று சொன்னார். சொற்கள் எல்லாம் தெளிவாகக் கேட்டன, பொருள்தான் தகராறு. தொலைந்திருக்காது என்று அவர் நம்புவதாக ஒரு சகபணியாளர் சொல்கிறார், தொலைந்துவிட்டது என்று அஞ்சுவதாக இன்னொருவர் சொல்கிறார். பதிவேட்டில் என்ன எழுதுவது?

முல்லைத் தாதி, கிளாஸ்கோ எழுதியது:

தங்கச்சி, இரண்டாமவர் சொல்வதே சரி. ஸ்கொட்லாந்து வழக்கில் 'டவுட்' என்பது இல்லையென ஐயுறுவதைக் குறிக்காது. விரும்பத்தகாத ஒன்று நடந்திருக்கும் என்று எண்ணுவதைக் குறிக்கும். 'ஐ டவுட் இட்ஸ் லொஸ்ட்' என்றால் தொலைந்துதான் போயிற்றுப் போலிருக்கிறது என்று பொருள். இவ்வகைச் சொற்களே ஸ்கொட்லாந்து ஆங்கிலத்தில் உண்மையான ஆபத்து. அறியாத சொல் வந்தால் உடனே திருப்பிக் கேட்போம். அறிந்த சொல் வேறு பொருளில் வந்தால் கேட்கவே தோன்றாது. 'எங்கே ஸ்டே பண்ணுகிறீர்கள்' என்றால் நிரந்தரமாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கேள்வி. 'மெசேஜஸ் எடுக்கப் போயிருந்தேன்' என்றால் கடைச்சாமான் வாங்கப் போயிருந்தார், ஆகையால் அந்நேரம் வீட்டில் ஆளில்லை. 'பீஸ்' என்பது அடைத்த பாண். 'அவுட்வித்' என்பது 'வெளியே' அல்லது 'தவிர' என்ற பொருளில் அரச கடிதங்களிலும் வரும். எழுதியவர் அதை ஸ்கொட்லாந்துக்கு மட்டும் உரிய சொல் என்றே அறிந்திருக்கமாட்டார். 'வீ' என்ற அடைமொழி 'சிறிய' என்று பொருள்பட்டாலும், பெரும்பாலும் கனிவுக்காகவே சேர்க்கப்படும். நோயாளியிடம் 'ஒரு வீ ஊசி' என்று நானே இப்போது சொல்கிறேன், ஊசியின் அளவு மாறுவதில்லை.

காதைப் பழக்குவதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஸ்கொட்லாந்து நாடாளுமன்றத்தின் அமர்வுகள் இணையத்தில் ஒளிபரப்பாகின்றன. வியாழக்கிழமைகளில் முதலமைச்சரிடம் கேள்வி கேட்கும் நேரத்தில் பல மாவட்டத்து உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவார்கள், அதுவும் விரைவாக. அவர்கள் பேசியதன் எழுத்து வடிவம் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கையாக வெளிவரும். முதலில் ஒரு முறை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்த இடத்தில் காது தவறியது என்பதை நீங்களே குறித்துக்கொள்ளலாம். சில நாட்களில் ஒரே வகையான இடத்திலேயே தவறுவது தெரியவரும். அறிக்கையாளர்கள் வசனங்களைச் சற்றுச் செம்மைப்படுத்துவார்கள் என்பதால் சொல்லுக்குச் சொல் ஒத்துப்பார்க்க வேண்டாம்.

அபடீன்காரரின் பதிவில் 'பொதி தொலைந்துவிட்டதாக வாடிக்கையாளர் கருதுகிறார்' என்று எழுதித் தேடுதல் கோரிக்கையை இன்றே திறந்துவிடுங்கள். அவர் மறுபடி அழைத்து 'த மோர்ன்' வரை பார்க்கிறேன் என்றால், நாளை வரை என்று பொருள், காலைவரை அன்று.